கேட்டால்தான் நிறுத்துவார்கள்

பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. உப்பில் ஊறின மாட்டிறைச்சியைப் பெரிய தேக்சாவில் போட்டு, கோலீன் காலையிலிருந்தே வேகவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலுக்கு யாராவது அடுப்பைப் பற்றவைப்பார்களா? ராக்ஹாம்ப்டன் ஊரில் நவம்பர்தான் கோடை, தகரக் கூரைக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆள் வெந்துபோவான். ஆனால் அவள் புருஷன் நெவ்வுக்கு அதுதான் பிடிக்கும். பால் விட்டுக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றி, முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் வைத்து, ஓரமாகக் கொஞ்சம் கடுகு விழுது. பிடித்ததைத் தின்றுவிட்டுப் போனால் பரீட்சை நன்றாக எழுதுவான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவளால் முடிந்தது அது ஒன்றுதான், செய்தாள்.

தேக்சாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத்தான் இறக்கினாள். விரல்களில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாச்சு. கறி ஆலையில், பொட்டலம் கட்டும் அறையில், பனிக்குளிரில் நின்று கறித் துண்டுகளைப் பையில் போட்டு இழுத்துக் கட்டுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "இதோட நிறுத்திக்கோ" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதை வைத்து நிறுத்துவது? நெவ் பாஸ் பண்ணி ஒரு வேலையில் உட்கார்ந்தால்தான் அவள் நிறுத்தலாம். மேஸ்திரியிடம் கையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

வெள்ளத்துக்குப் பயந்து உயரத் தூண்களை ஊன்றி மேலே கட்டிய வீடு அது. டிப்போ ஹில் பேட்டையில் எல்லா வீடும் அப்படித்தான். மேலே தகரம் காயும், கீழே தூண்களுக்கு நடுவில் காற்று ஓடும். அதனால் வெயில் காலத்தில் சாப்பாடு, சீட்டு, சண்டை எல்லாம் வீட்டுக்கு அடியில்தான். அங்கே மேஜை போட்டு நெவ் உட்கார்ந்திருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். தலைமுடி இடது பக்கம் மட்டும் ஒரு கோடாக முளைக்காமல் நிற்கும். அதைத் தவிர பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. அதுதான் கஷ்டமே. கையோ காலோ போயிருந்தால் ஊர் பாவப்பட்டிருக்கும். போனது தலைக்குள்ளே.

கொஞ்ச நேரம் படித்தால் போதும், இடது புருவத்துக்கு மேலே வலி கிளம்பும். கட்டைவிரலால் புருவத்தைத் தேய்க்க ஆரம்பிப்பான். அப்போதே நிறுத்தி, கண்ணை மூடிப் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். நிறுத்தாவிட்டால் வார்த்தை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கரண்டியைக் 'கதவு' என்பான், கதவை 'அது' என்பான். அப்புறம் 'அது'வும் போய்விடும், எதிரே இருக்கிறதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கோலீனின் தம்பி டகி, ஐஸ் பெட்டியில் பீரும் ஒரு பை நிறைய மாம்பழமுமாக வந்து சேர்ந்தான். அவன் இன்னும் ஆலையில் சங்கிலியில் நிற்கிறவன்.

"என்ன மச்சான், நாளைக்கு எத்தனை மணிக்குத் தூக்கு?"

"வாயக் கழுவுடா நாயே," என்றாள் கோலீன்.

"பத்து மணிக்கு," என்றான் நெவ் சிரித்துக்கொண்டே. "நீயும் வா. கயித்தப் புடிக்க ஆளு வேணும்."

"நான் வந்தா உன் வாத்திமாருங்க எல்லாம் வேலைய வுட்டுட்டு ஓடிருவானுங்க. டவுன்ல எருது சிலைக்குத் திரும்பவும் விதையக் காணோமாம், கேள்விப்பட்டியா? எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். போலீஸ்காரன் என்னையப் பாத்து, 'நீ ஆலையிலதான வேலை பாக்குற'ங்கிறான். சிமிண்டு விதைய அறுக்குறதுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?"

நெவ் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தான். கோலீனுக்கும் சிரிப்பு வந்தது. ஆலையில் தலையில் அடிபட்ட பிறகு நெவ் அப்படிச் சிரிப்பது தம்பி வந்தால்தான். அதனாலேயே தம்பியை ரொம்பத் திட்ட மாட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒத்திகை. இது ஒரு மாசமாக நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் உடல் முடியாதவர்களுக்கென்று தனியாகப் பரீட்சை நடத்துகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நெவ்வுக்குத் தனி அறை, கண் கூசாத விளக்கு, மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் கேள்வி, படித்துக்காட்டவும் அவன் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிக்கவும் ஒரு அம்மாள், எல்லாம் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஓய்வு. வலி வந்தால் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். படுத்து எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வேலையிடப் பாதுகாப்பு என்கிற இதே பாடத்தில் இரண்டு தடவை பெயிலாச்சு. முதல் தடவை, 'நான் என்ன நொண்டியா' என்று வீறாப்பாகப் பெரிய மண்டபத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து பாதியில் எழுந்து வந்தான். இரண்டாம் தடவை இந்தத் தனி அறைக்கே போனான். அட்டை மேஜையில் இருந்தது, தொடவே இல்லை. 'மறந்துட்டேன்' என்றான். கோலீன் நம்பினாள். மறக்கிறவன்தானே! மூன்றாம் தடவையும் பெயிலானால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். நகராட்சிக் கிடங்கில் வேலையாட்களின் பாதுகாப்பைப் பார்க்கிற வேலைக்கு ஆள் வேண்டும், 'பாஸ் பண்ணிட்டு வா' என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

மார்ஜரின் டப்பாவின் சிவப்பு மூடிதான் அட்டை. கோலீன் மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அந்த அம்மாளாக உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் நெவில், முதல் கேள்வி. வேலை செய்யற எடத்துல ஆபத்தக் கண்டுபிடிக்க..."

"அம்மணி," என்று நெவ் மூடியை ஓங்கித் தூக்கினான். "நிறுத்துங்க!"

"இப்பதான ஆரம்பிச்சேன்?"

"உங்க மூஞ்சியப் பாத்ததும் தல வலிக்குது."

டகிக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. "பாத்தியாக்கா? நம்ம நெவ்வா இது! ஆலையில இத்தனை வருசத்துல ஒரு தடவகூடச் சங்கிலிய நிறுத்தாத ஆளு. கையி கிழிஞ்சு ரத்தம் கொட்டுது, துணியச் சுத்திக்கிட்டு அறுத்தவன். இப்பப் பாரு, மூடியத் தூக்கிட்டு 'நிறுத்துங்க அம்மணி'ங்கிறான்!"

சொல்லிக்கொண்டே எழுந்தவன், தோளில் கிடந்த பாத்திரத் துணியை முறுக்கி நெவ்வின் கால்சட்டை இடுப்பில் பின்பக்கமாகச் செருகிவிட்டான். "வால்! வால்!"

ஆலை தெரியாதவனுக்கு இது புரியாது. மேலே ஓடுகிற சங்கிலியில் மாடு தொங்கிக்கொண்டு வரும். ஒருத்தன் தோலை உரிப்பான், அடுத்தவன் வயிற்றைக் கிழிப்பான், அதற்கடுத்தவன் ரம்பம் பிடிப்பான். அன்றைய எண்ணிக்கை முடிந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒவ்வொருத்தன் முழங்கைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், சட்டமே அப்படித்தான். அமுக்கினால் எல்லாரும் நிற்க வேண்டும். கத்தியைப் பிடித்துக்கொண்டு அமுக்கினவனைப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலம் அவன் உடுப்புப் பெட்டியில் ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு மாட்டுவால் தொங்கும். வாரம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். சிலபேர் அந்தப் பெயரோடேயே ஓய்வு பெற்றுப் போயிருக்கிறார்கள்.

நெவ் விழுந்த அன்றைக்கும் பொத்தான் கைக்கெட்டுகிற தூரம்தான். கொக்கி ஒன்று வாய் பிளந்து வருவதை அவன் காலையிலேயே பார்த்துவிட்டான். பக்கத்தில் நின்ற டகியிடம் சொல்லவும் செய்தான். 'எண்ணிக்கை முடியட்டும், மேஸ்திரிட்ட சொல்லுவோம்.' எண்ணிக்கை முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் அரை மாடு அவன் தலையில் இறங்கிவிட்டது.

துணிவாலை ஆட்டிக்கொண்டு நெவ் ஒரு சுற்று நடந்து காட்டினான். டகி தரையில் உட்கார்ந்து சிரித்தான். கோலீனும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். நெவ் வாலை உருவி மேஜையில் போட்டான். சிவப்பு மூடியை எடுத்து மார்ஜரின் டப்பாவில் அழுத்தி மூடினான்.

"போதும் கோல். தெரிஞ்சதுதான, இதுக்கெல்லாம் ஒத்திகை வேணுமா?"

அதோடு அன்றைய ஒத்திகை முடிந்துபோனது. 'இன்னும் ஒரு தடவை பாரேன்' என்று அவள் சொல்லியிருக்கலாம். சிரித்த வாயோடு எப்படிச் சொல்வது?

மறுநாள் விடியும்போதே புழுங்கிற்று. பெர்சர்க்கர் மலைக்கு மேலே மேகம் கறுத்து நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. நெவ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டான். கோலீன் ஆலைக்கு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். பாலம் தாண்டும்போது ஆறு பழுப்பாக, நகராமல் கிடந்தது.

"அட்டைய என்ன பண்ணணும்?" என்றாள்.

"தூக்கணும்."

"எப்ப?"

"வலிக்க ஆரம்பிச்ச உடனே. வலி முத்தினப்புறம் இல்ல. எத்தன தடவடீ சொல்றது? நான் என்ன கொழந்தையா?"

"இல்லப்பா. நீ பெரிய ஆம்பள. அதான் பயமா இருக்கு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் பரீட்சை இடம் நூலகத்துக்குப் பின்னால், ஒரே தாழ்வாரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். சக்கர நாற்காலியில் ஒரு பெண், காதை அடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஒரு வாலிபன், எல்லாரும் அவரவர் கதவு திறக்கக் காத்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்லீன் என்கிற அம்மாள்தான் நெவ்வுக்கு எழுதுகிறவள். போன தடவையும் அவளேதான். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பாள், நல்ல மாதிரி. பை, போன், கடிகாரம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைக்கூட உரித்துவிட்டாள்.

"நெவ், நீங்க சொல்றத அப்படியே அடிப்பேன். ஒரு வார்த்த கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். கேள்விய எத்தன தடவ கேட்டாலும் படிச்சுக் காட்டுவேன். ஓய்வு வேணும்னா இந்த அட்டையத் தூக்குங்க, கடிகாரத்த நிறுத்திடுறேன். அதோ சோபா, காலை நீட்டிப் படுத்துக்கலாம். அந்த நேரம் உங்க கணக்குல வராது."

"சரிங்க."

"ஆனா நீங்கதான் கேக்கணும். 'ஓய்வு வேணுமா'ன்னு நானாக் கேக்கக் கூடாது. விதி."

"வலிக்குதுன்னு பாத்தாலே தெரியுமேம்மா," என்று கோலீன் குறுக்கே விழுந்தாள். "புருவத்தத் தேய்ப்பாரு."

"தெரியும். போன தடவையும் பாத்தேன்." மார்லீன் குரலைத் தணித்தாள். "அப்பவும் நான் வாயத் தொறக்கக் கூடாது. நான் ஜாடை காட்டினேன்னு யாராவது சொன்னா அவர் பேப்பர்தான் அடிபடும். நீங்க இங்க தாழ்வாரத்துல உக்காந்துக்கலாம், தடையில்ல. ஆனா கதவத் தட்டினாலோ கண்ணாடி வழியா சைகை காட்டினாலோ பரீட்சை செல்லாது."

"நான் எதுக்குத் தட்டப் போறேன்," என்றாள் கோலீன்.

அறைக் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு நேரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெவ்வின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. மார்லீன் எதிரே. மேஜை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் அந்த அட்டை. நெவ் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து மேஜை விளிம்புக்குச் சரியாக, கோணல் இல்லாமல் நகர்த்தி வைத்தான். கத்தியை அப்படித்தான் வைப்பான்.

ஆரம்பம் நன்றாகவே போனது. சத்தம் வெளியே வராது, வாய் அசைவதுதான் தெரியும். அவன் பேசப் பேச மார்லீனின் விரல்கள் ஓடின. ஒரு கேள்விக்கு அவன் கையை எல்லாம் ஆட்டிப் பேசினான். காற்றில் எதையோ இழுத்தான், அறுத்தான், முழங்கையால் எதையோ இடித்துக் காட்டினான். மார்லீன் ஒரு கணம் நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். கோலீனுக்கு மனசு லேசாகிவிட்டது. பாஸ் பண்ணிவிடுவான் போலிருக்கிறதே என்று முதல் தடவையாக நினைத்தாள். மேஸ்திரியிடம் என்ன சொல்லிக்கொண்டு நிற்பது என்றுகூட யோசித்தாள். 'போயிட்டு வரேன்யா, நீயே கட்டிக்கோ உன் கறிய.'

அப்போதுதான் நெவ்வின் கட்டைவிரல் புருவத்துக்குப் போனது.

கோலீன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். 'தூக்கு. இப்பத் தூக்கு.'

அவன் தேய்த்தான். ஒரு வார்த்தை சொன்னான், நிறுத்தினான். மார்லீன் இரண்டு கையையும் எழுத்துப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். உடனே அவசர அவசரமாக இன்னும் ஏதோ சொன்னான். அவள் அடித்தாள், மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அட்டை இருந்த இடத்தில் இருந்தது.

மார்லீன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். பாவம், அவளுக்கு அனுமதிக்கப்பட்டது அவ்வளவுதான் என்று கோலீனுக்குப் புரிந்தது. இந்த மனுஷன் என்ன செய்தான்? அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கண்ணைக்கூட மூடவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் தலையை ஆட்டினான், 'ம், போகலாம்' என்கிற மாதிரி.

"அட பாவி மனுஷா," என்று கோலீன் வாய்விட்டே சொன்னாள்.

மறந்துபோகவில்லை. போன தடவையும் மறந்துபோகவில்லை. இரண்டு வருஷமாகத் தலையில் அடிபட்டதால் மறக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, எப்பேர்ப்பட்ட முட்டாள்! அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று இப்போது தெரிந்தது. சங்கிலியில் நிற்கிறான். எதிரே அடுத்த ஆள் கத்தியைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். நேற்று அவன் இடுப்பில் வால் செருகினபோது இவளும்தானே கெக்கெக்கே என்று சிரித்தாள்?

எழுந்து கதவுக்கு வந்துவிட்டாள். விரல் முட்டி கண்ணாடிக்கு ஒரு அங்குலத்தில். உள்ளே நெவ்வின் வாய் நின்றுபோயிருந்தது. மஞ்சள் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லீன் கேள்வியைத் திரும்பப் படித்தாள், அவன் தலையாட்டினான், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் படித்தாள். தட்டினால் நிறுத்திவிடுவார்கள், படுக்க வைப்பார்கள், வலி போகும், பரீட்சையும் போகும். தட்டாவிட்டால்? இன்னும் நேரம் இருக்கிறது, அவனே தூக்கிவிடலாம். இப்போது தூக்குவான். இதோ.

அந்தப் பக்கமாகப் போன அலுவலகப் பெண் நின்றாள். "ஏதாவது வேணுமாங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்று கோலீன் கையை இறக்கிக்கொண்டாள். "ஒண்ணும் வேண்டாம்."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நேரம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள்.

கதவு திறந்ததும் நெவ் நேராகக் கழிப்பறைக்குப் போனான். வாந்தி எடுக்கிற சத்தம் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. மார்லீன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கோலீன் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு பாக்கி?" என்றாள் கோலீன்.

"கடைசிப் பகுதி முழுசா வெறும் தாள். நடுவுலயும் சிலது வார்த்த சேராம இருக்கு. சொன்னத அப்படியே அடிக்கணுமே, அடிச்சேன்." மார்லீன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். "ஓய்வு நேரம் அத்தனையும் அப்படியே மிச்சம் இருக்கு. கேப்பாரு கேப்பாருன்னு உக்காந்திருந்தேன்."

"எழுதிப் போட்டுக் கேக்கலாமா? இன்னொரு தடவ விடுங்கன்னு?"

"கேக்கலாம். 'எல்லா வசதியும் குடுத்தோமே, அவர்தான் எடுத்துக்கல'ன்னு பதில் வரும். மூணாவது தடவைங்கிறதால..."

"இந்த விதிய எழுதினவன் எவன்மா? வலிக்கிறவன் வாயத் தொறந்து கேப்பான்னு நெனச்சானே, அவன் ஒரு நாளாவது எங்கயாவது வேலைக்குப் போயிருப்பானா?"

மார்லீன் அட்டையைக் கக்கத்திலிருந்த கோப்புக்குள் வைத்துக்கொண்டு, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

காரில் நெவ் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கையால் கண்ணை மூடிக்கொண்டான். பாலம் வரைக்கும் கோலீன் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை.

"ஏன் நெவ்? ஒரு அட்ட. ஒரு சின்ன அட்ட."

"அந்தம்மா கைய... கையத் தூக்கிட்டே உக்காந்திருந்துச்சு கோல். எனக்காக. எப்படி நிறுத்தச் சொல்றது?"

"அதுக்குத்தானடா அவங்களுக்குச் சம்பளம்!"

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரியும்னு சொல்றேன்ல." வார்த்தை தேடித் தேடி வந்தது. "ஒரு கேள்வி வந்துச்சு. அந்த... அது. செவப்பு. எல்லா... எல்லா எடத்துலயும் வச்சிருக்கானுங்க, ஏன் யாரும் அமுக்கறதில்லன்னு. அதுக்கு நல்லாச் சொன்னேன் கோல். வாலப் பத்தி எல்லாம் சொன்னேன். அந்தம்மாவே நிமிந்து பாத்துச்சு."

அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது அதற்குத்தானா? கோலீன் அதைப் பார்த்துத்தானே மனசுக்குள் மேஸ்திரியிடம் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் சொல்லிருப்ப," என்றாள்.

"கெடங்குல என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அவங்களுக்கே தெரிஞ்சிரும்."

"நீ நாளைக்கு வேலைக்குப் போணுமா?"

"போகாம?"

அவன் கண்ணிலிருந்து கையை எடுத்து, ஸ்டீயரிங்கில் இருந்த அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தான். வீங்கியிருந்தது. மறுபடி கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

டெனிசன் தெருவில் ரயில் வந்துகொண்டிருந்தது. நடுத்தெருவில் ஓடுகிற ரயில் அது, வந்தால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். கோலீன் எஞ்சினை அணைத்தாள். சரக்குப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று போயின. மேகம் அப்படியே நின்றது, மழையும் இல்லை, வெயிலும் விடவில்லை. திரும்பிப் பார்த்தாள். நெவ் கண் மூடியிருந்தான். நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்து மூச்சு சீராக வந்தது. இவ்வளவுதானே வேண்டியிருந்தது அவனுக்கு! இதைத்தானே காலையில் கடிகாரத்தை நிறுத்திக் கொடுக்கிறோம் என்றார்கள்?

கடைசிப் பெட்டியும் போனது. விளக்கு பச்சையானது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். கோலீன் அசையவில்லை. இன்னொருத்தன் அடித்தான், விடாமல் அடித்தான். ஒருத்தன் கதவைத் திறந்து, "ஏம்மா, தூங்கிட்டியா?" என்று கத்தினான். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிக்கட்டும். இந்தத் தெருவே நிக்கட்டும், இந்த ஊரே நிக்கட்டும். வாலைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கட்டட்டும்.

விளக்கு மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையானது. ஹாரன் சத்தம் தெரு முழுக்கப் பரவியது.

நெவ் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் மெதுவாகப் புருவத்துக்குப் போனது.

"வண்டிய எடு கோல்," என்றான். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.